பதினாலு படத்துக்குப் பதிமூணு மாலை

எங்கள் சித்தப்பா கல்யாணத்துக்குப் படம் எடுத்தது அத்தைதான். முப்பத்தாறு படம் விழுகிற பிலிம் சுருளில் இருபத்தெட்டு படம் தவில்காரரின் விரல்கள். ஐந்தில் சமையல்காரர் சாம்பார் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் நாயனக்காரரின் கன்னம், பூசணிக்காய் மாதிரி. ஒன்று முழு இருட்டு. மிச்சமிருந்த ஒன்றே ஒன்றில் மாப்பிள்ளையின் இடது முழங்கை தெரிந்தது. பெண் எதிலுமே இல்லை. இன்றைக்கும் கல்யாண ஆல்பம் கேட்டு வருகிறவர்களிடம் சித்தி அந்த முழங்கையைத்தான் காட்டுகிறாள்.

"இது எங்க வீட்டுக்காரரு. நான் இந்தப் பக்கம் நிக்கேன், படத்துக்கு வெளிய."

அத்தை என்பது அப்பாவின் அக்கா. வாக்கப்பட்டது சங்கரன்கோவிலில். மாமாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. காலையில் பஸ் ஏறிப் போய் இருட்டுகிற நேரத்துக்கு எலுமிச்சை வாசத்தோடு திரும்புவார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை யாராவது நீட்டி முழக்கிப் பேச ஆரம்பித்தால் அத்தை கேமராவைத் தூக்கி அவர்கள் முகத்துக்கு நேரே பிடிப்பாள். பேச்சு நின்றுவிடும். கேமராவுக்கு முன்னால் சங்கரன்கோவில்காரர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அது ஒரு வசதி.

கண்டாங்கிச் சேலைக்குக் குறுக்கே கேமராப் பையை மாட்டிக்கொண்டு மொபெட்டில் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் போய்வருவாள். எந்த ஊரில் கோயில் கொடை என்றாலும் இருப்பாள். சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நையாண்டி மேளத்துக்கு முன்னால் குத்தவைத்திருப்பாள். எடுத்ததைப் பற்றி எழுதுவாள். எழுதியது பத்திரிகைகளில் வரும். அந்தப் பத்திரிகைகள் எங்கள் ஊர் முடிவெட்டுக் கடையில் கிடக்கும். படித்துவிட்டு, "ஒங்க அத்தை என்னலே, கரகாட்டக்காரிக்கு வெவசாயக் கடன் குடுக்கச் சொல்லுதா!" என்று என் தலையில் இடம்வலமாகச் சீப்பை இழுப்பார் கடைக்காரர். எழுத்தோடு விட்டாளா என்றால் இல்லை. தவில் தோல் கிழிந்தவன், சலங்கை அறுந்தவள், ஒத்திகைக்கு இடமில்லாதவன் எல்லோரும் வந்து நிற்பது அத்தை வீட்டு வாசலில்தான். புளியங்குடி எலுமிச்சைக்கு ஒரு விசேஷம் உண்டு, சங்கரன்கோவில் வந்து சேர்ந்ததும் அது தவில் தோலாக மாறிவிடும் என்று மாமா சொல்வார். குறையாகச் சொல்ல மாட்டார். வெயிலடிக்கிறது என்பதுபோலச் சொல்வார்.

வீட்டில் மாமா குளிப்பதற்குத்தான் இடமில்லை. குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணி ஆணியடிக்கப்பட்டு, சிவப்பு பல்ப் மாட்டப்பட்டு, படம் கழுவுகிற இடமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. மாமா கொல்லைப்புறக் குழாயடியில், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே குளிப்பார்.

எனக்குப் பத்து வயது. கால் பரீட்சை லீவுக்கு சிவகிரியிலிருந்து என்னை பஸ் ஏற்றி அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வந்த இரண்டாம் நாளே சாதனை செய்தேன். அவசரம் தாங்காமல் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஒரு கிராமத்துக் கொடை முழுசும் பிலிமில் ஊறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டு மேளதாளத்தோடு அது மறைந்தது. அத்தை அடிக்கவில்லை, திட்டவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு அறை வாங்கியிருந்தால் மனசு ஆறியிருக்கும். எப்படியாவது அத்தைக்கு ஒரு நல்ல காரியம் செய்து கணக்கை நேர் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே சபதம் எடுத்துக்கொண்டேன். என் சபதங்களைப் பற்றி என் வீட்டுக்காரியிடம் கேட்டால் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வாள்.

அந்தச் சமயத்தில் அத்தை ஒரு புத்தகம் போட முயன்றுகொண்டிருந்தாள். அவள் படமெடுத்த கலைஞர்கள், அவர்களைப் பற்றி அவள் எழுதியது, இரண்டும் சேர்ந்த புத்தகம். எல்லாம் தயார். ஒரே ஒரு ஆளின் படம் மட்டும் இல்லை. இளையரசனேந்தல் பக்கத்தில் ஒரு நாயனக்காரப் பெரியவர். அந்த வட்டாரத்து நையாண்டி மேளத்துக்கெல்லாம் அவர்தான் தலை. அவர் இல்லாமல் அந்தப் புத்தகம் மூலவர் இல்லாத கோயில் என்று அத்தை சொன்னாள். அவரோ மொபெட் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொடையில் வாசிக்கும்போது அத்தை எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கத்துக்கு முதுகைத் திருப்பிவிடுவார். படம் பிடித்தால் ஆயுசு முறிந்துபோகும் என்பது அவர் கட்சி. ஒரு வருஷமாக நடக்கிறாள் அத்தை. கடைசியில் அவருக்கு ஜோடியாக வாசிக்கிற தவில்காரர் குறுக்கே புகுந்து பேசி, பெரியவர் ஒரு படி இறங்கி வந்தார்.

"தாயி, நீங்க படம் புடிச்சவங்கள்ல எத்தன பேரு உசுரோட இருக்காங்கன்னு நானே வந்து எண்ணிப் பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஆயுத பூசை அன்றைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். அந்த நாளைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வருஷாவருஷம் ஆயுத பூசைக்கு அத்தையின் பழக்கம் இது: பக்கத்துக் கலைஞர்கள் தங்கள் வாத்தியங்களைக் கொண்டுவந்து அத்தை வீட்டுக் கூடத்தில் அவளுடைய கேமராவோடும் எழுதிய நோட்டுகளோடும் சேர்த்துப் பூசைக்கு வைப்பார்கள். மறுநாள் காலையில் எடுத்து, அந்தக் கூடத்திலேயே முதல் சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். பூசைக்கு வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது.

முந்தின நாள் நான் தூங்கிய பிறகு அத்தையும் மாமாவும் கூடத்துச் சுவரில் படங்களை மாட்டியிருக்கிறார்கள். காலையில் எழுந்து பார்க்கிறேன், பதினாலு பேர். எல்லாம் கறுப்பு வெள்ளை. கண்ணாடிச் சட்டம். தனித்தனி ஆளாக, நேரே முறைத்துக்கொண்டு. பதிமூணு படம் உயரத்தில் ஒரே வரிசையில் இருந்தது. கடைசிப் படம் மட்டும் என் தலைக்குச் சற்று மேலே, தாழ்வாகத் தொங்கியது. மாமாவுக்கு ஆணி தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை வேலைக்கு விட்டாள் அத்தை. "மருமவனே, பொட்டு வைக்கிறது ஒன் பொறுப்பு. மொபெட்டு, மத்த சாமான், கேமரா, எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வச்சிரு. நான் சுண்டலப் பாக்கேன்." மாமா விடிகாலையிலேயே பூ மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கூடை கேந்திப்பூச் சரம் வாங்கி வைத்துவிட்டு, விருந்தாளிகளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார்.

மொபெட்டுக்கு வைத்தேன். அரிவாள்மணைக்கு வைத்தேன். மாமாவின் தராசுக்கு, டார்ச் லைட்டுக்கு, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு வைத்தேன். கேமராவிடம் வந்ததும் ஒரு குழப்பம். கேமராவுக்கு நெற்றி எது? எந்தப் பொருளுக்கும் அதன் முகத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கேமராவுக்கு முகம் என்றால் முன்னால் உருண்டையாக இருக்கிற அந்தக் கண்ணாடிதான். அதன் நட்டநடுவில் கட்டிச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். சிவபெருமானின் மூன்றாவது கண் மாதிரி அம்சமாக இருந்தது.

கூடையில் பூ நிறையக் கிடந்தது. சுவரை நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு அத்தையை நினைத்துத் துக்கமாகிவிட்டது.

இதில் என் மேல் தப்பில்லை. நான் பிறந்து வளர்ந்து பார்த்த எல்லா வீட்டிலும், உயிரோடு இருக்கிறவர்கள் ஆல்பத்தில் இருப்பார்கள். இல்லையென்றால் ஜோடியாகச் சுவரில் இருப்பார்கள். கறுப்பு வெள்ளையில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தனியாளாக முறைத்துக்கொண்டு சுவரில் தொங்கினால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். அவருக்கு மாலையும் பொட்டும் உண்டு. எங்கள் வீட்டில் மூன்று பேர் அப்படித் தொங்குகிறார்கள். அத்தைக்கோ பதினாலு பேர்! பாவம், இத்தனை சாவைப் பார்த்திருக்கிறாள். எழுத்து வேலையில் ஒரு பூவைக்கூடப் போட நேரமில்லாமல் விட்டிருக்கிறாள். சபதம் ஞாபகம் வந்தது. முக்காலியை இழுத்துப் போட்டேன்.

அரைமணி நேரம் பாடுபட்டேன். ஒவ்வொரு நெற்றியிலும் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு சட்டத்துக்கும் கேந்தி மாலை. கீழே வரிசையாக வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி. தாழ்வாக இருந்த கடைசிப் படத்துக்கு வந்தேன். ஒரு அக்கா. தலையில் கரகம். வாயெல்லாம் பல்லாக, படம் எடுக்கிற ஆளைக் கேலி செய்வதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாலையைத் தூக்கிய கையை இறக்கிவிட்டேன். செத்துப்போனவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அத்தை தெரியாமல் இவளையும் சேர்த்து மாட்டிவிட்டாள்போல. அந்த மாலையை மொபெட்டுக்குப் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். முதலில் உள்ளே வந்தவர் ஆறடி உயரத்தில் ஒரு மாமிச மலை, தோளில் தவில். அவருக்குப் பின்னால் மாமா. மாமாவுக்குப் பின்னால், என்னைவிட ஒரு சாண் மட்டுமே உயரமான பெரியவர் ஒருவர்.

தவில்காரர் கூடத்தில் இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றார். வரிசையில் மூன்றாவது படத்தில் அவரே இருந்தார், மாலையோடு. ஊதுபத்திப் புகை அவர் மீசையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி," என்றார் மாமாவிடம். "நான் எப்பம் செத்தேன்?"

மாமா சுவரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "பஸ்ஸ விட்டு எறங்கும்போது நல்லாத்தான இருந்தீரு வே?"

"பாத்தியாவே!" பெரியவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார். "நான் அப்பமே சொன்னேம்லா? ஒருத்தன் மிச்சமில்ல. நீயும் தொங்குத. பக்கத்துல உறுமிக்காரனும் தொங்குதான். நேத்துக்கூட டீக்கடையில நின்னானே!"

சத்தம் கேட்டு அத்தை சுண்டல் கரண்டியோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். ஒரு வருஷம் நடந்த நடையும், புத்தகமும், மூலவரும் எல்லாம் கேந்திப்பூவாக அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் போன போக்கை அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

"நானேதான் போட்டேன் அத்தை. ஒங்களுக்குத்தான் நேரமே இல்லல்லா?"

"ஏலே... இவங்கல்லாம் செத்தவங்கன்னு ஒங்கிட்ட எவம்லே சொன்னான்?"

"யாருமே சிரிக்கலயே அத்தை."

தவில்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிக்காட்டா செத்தவனாலே? அப்பம் எங்க மாமனாரு பொறந்ததுல இருந்தே செத்தவருதான்!"

பெரியவர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. எண்ணத்தானே வந்தார்? எண்ண ஆரம்பித்துவிட்டார். அண்ணாந்து பார்த்து, விரலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று சுவரோரமாக நடந்தார். பதிமூணு முடிந்தது. கடைசிப் படத்துக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது அவர் முகத்துக்கு நேரே இருந்தது. விரல் அப்படியே நின்றது.

சுண்டல் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது.

பெரியவர் திரும்பாமலே கேட்டார். "இவளுக்கு மட்டும் ஏம்லே மாலை போடல?"

கேள்வி எனக்குத்தான். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி என் பள்ளி வாழ்க்கையிலேயே அதிகம் வந்ததில்லை. கணீரென்று சொன்னேன்.

"அந்த அக்கா சிரிக்காங்கல்லா, தாத்தா? செத்தவங்க எப்பிடிச் சிரிப்பாங்க?"

மாமாவின் கை என் தோளில் வந்து விழுந்து அழுத்தியது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. முகம் சுருங்கிக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நான் சொன்ன ஒரு பேச்சுக்கு ஒரு பெரிய மனுஷர் கண்ணில் நீர் வரச் சிரிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. பக்கத்தில் போய் நின்றுகொண்டு நானும் சேர்ந்து சிரித்தேன், விழுந்து விழுந்து.

அவர் துண்டை இறக்கினார். "தாயி, எடுக்கதுன்னா இப்பமே எடுங்க. இங்கன வச்சே. இவ பக்கத்துலயே."

"பூசையில வச்ச சாமான..." என்று மாமா இழுத்தார்.

"சரஸ்வதிட்ட நான் பேசிக்கிடுதேன்." அத்தை கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். இறக்கினாள். மறுபடி வைத்தாள். "என்னது, ஒரே மூட்டமா இருக்கு?" திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது கண் அவளைப் பார்த்தது. பிறகு அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அப்படியே படம் பிடித்திருந்தால் அது பதினைந்தாவது படமாக இருந்திருக்கும், மாலை போட வேண்டிய ஆள் நானாக இருந்திருப்பேன். சேலைத் தலைப்பால் இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு எடுத்தாள். மூன்றே மூன்று படம். அவள் பக்கத்தில் நின்றிருந்த எனக்குச் சிரிப்பு அதுவரைக்கும் அடங்கவில்லை. அதற்கு மேல் பெரியவர் நிற்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் விருந்துதான். தவில்காரர் சட்டத்திலிருந்து தன் மாலையைக் கழற்றப் போனார். பெரியவர் அதட்டினார்: "கெடக்கட்டும்வே. மேடையில போட்டா கழுத்த நீட்டி வாங்குதோம்லா? சுவத்துல போட்டா மட்டும் வலிக்காக்கும்?" அதில் ஒரு நியாயம் பட்டதோ என்னவோ, தவில்காரர் அந்த மாலையை எடுத்துக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, அடிப்பிடித்த சுண்டலை இரண்டு தட்டு சாப்பிட்டு, தவிலைப் பூசையில் வைத்துவிட்டு, மாலையோடேயே பஸ் ஏறினார். அடுத்தடுத்து வந்தவர்களும் தங்கள் தங்கள் மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். உறுமிக்காரர் மட்டும் தன் நெற்றிப் பொட்டு கோணலாக இருக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பெரியவர் போகும்போது எதையும் எடுத்துப் போகவில்லை. கடைசிப் படம் இருந்த இடம் மறுநாள் காலையில் காலியாக இருந்ததை, சட்டம் உடைந்திருக்கும், பழி என் மேல் வரும் என்ற பயத்தில் நான் யாரிடமும் கேட்கவில்லை.

மறு வருஷம் புத்தகம் வந்தது. அட்டையில் பெரியவர். சென்னையில் ஒருவர் அதற்கு மதிப்புரை எழுதும்போது, அந்த அட்டைப் படத்தில் முகத்தைச் சூழ்ந்திருக்கும் மூடுபனி போன்ற ஒளியை ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்திருந்தார். அது அரைத்த சந்தனம். சேலைத் தலைப்புக்கு மீந்தது. அவருக்குக் கடிதம் போட வேண்டும் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

இந்தக் கதையை நான் ஊரெல்லாம் சொல்லி வந்தேன். பிடிகொடுக்காத பெரியவரை ஒரே ஒரு பேச்சில் சிரிக்க வைத்து மடக்கிய கதை என்று. கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஒரு லீவில் அத்தையிடமே அதைச் சொல்லிப் பெருமையடித்தேன். அவள் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்காமலே சொன்னாள்.

"அது அவரு தங்கச்சிலே."

அண்ணன் கூடாது என்று தடுத்தும், தானாக வந்து நின்று, சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவளாம். மூன்றாம் மாசம் காய்ச்சலில் போய்விட்டாள். படம்தான் கொன்றது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம் அண்ணன். வேறு படம் அவளுக்கு ஒன்று கிடையாது.

"எண்ணிப் பாக்க வாரேன்னாரே?"

"எண்ணவா வந்தாரு? தங்கச்சி படத்தக் கேக்க வாய் வரல மனுசனுக்கு. அதான் அப்பிடி வந்தாரு."

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாமயா அவள மட்டும் அந்த ஒசரத்துல மாட்டச் சொன்னேன்? படத்த மறுநா ஒங்க மாமாதான் துணியில சுத்திக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தாவ." பிலிமை இறக்கினாள். "புத்தகத்துக்காக ஒரு வருசம் நடந்தேன்னு நெனச்சியாக்கும்?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். வேறெப்படி நினைக்க? அந்தப் புத்தகம் இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. அட்டையில் பெரியவரின் பாதி முகம், கண்ணில் ஈரம். அவருக்குப் பின்னால் தங்கையின் படச் சட்டத்து ஓரம். உற்றுப் பார்த்தால் அந்தச் சட்டத்தின் கண்ணாடியில் இன்னொரு உருவம் தெரியும். சந்தனக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்பல் இரண்டும் தெரிய, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு நிற்கிறது.

மதிப்புரைக்காரர் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நல்லவர்.